'மான்ஸ்டர் ஆஃப் தி வீக்' மேசையில் முதல் நாள்: காதில் விழும் சொற்களுக்கு என்ன பொருள்?

கேள்வி: நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை பேசிப் பகடை உருட்டி ஆடும் 'மான்ஸ்டர் ஆஃப் தி வீக்' ஆட்டத்தில் சேரப் போகிறேன். ஒருநாள் வேடிக்கை பார்த்தபோது "ஹோல்டு ஒண்ணு இருக்கு", "பிளஸ் ஒன் ஃபார்வர்டு எடுத்துக்கோ", "லக்கை அடிச்சிடு" என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். பாதி புரியவில்லை. இதற்கு முன் இந்த ரகத்தில் ஆடியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மட்டும்தான். எந்தெந்தச் சொற்களைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்?

பதில்:

இந்த மேசையில் புதுச் சொல் தெரியாமல் விழிப்பவர்களைவிட, தெரிந்த சொல்லுக்குப் பழைய ஆட்டத்தின் பொருளைக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்பவர்களே அதிகம். 'மூவ்' என்றால் நகர்வது, 'ஹார்ம்' என்றால் ஹிட் பாயிண்ட் (பாத்திரத்தின் உயிர்க் கணக்கு), 'மிஸ்' என்றால் அடி படவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். மூன்றுக்கும் இங்கே பொருள் வேறு. ஆகவே அகரவரிசையை விட்டுவிட்டு, மேசையில் எந்த வரிசையில் காதில் விழுமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. மைக்கேல் சாண்ட்ஸ் எழுதியது. முதலில் 2012இல் வந்தது. இன்று பெரும்பாலும் ஆடப்படுவது ஈவில் ஹாட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட திருத்திய பதிப்பின் விதிகள். இதன் எலும்புக்கூடு 2010இல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்டு' என்ற ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்த வம்சத்து ஆட்டங்களைப் 'பவர்டு பை தி அபோகலிப்ஸ்' என்பார்கள். தொலைக்காட்சித் தொடரில் வாரத்துக்கு ஒரு பூதம் தலைகாட்டுவதுபோல இங்கே ஒவ்வொரு கதைக்கும் ஒரு மான்ஸ்டர். பெயர் வந்தது அப்படித்தான்.

ஆட்டத்தை நடத்துபவர் கீப்பர். மற்றவர்கள் ஆளுக்கொரு ஹண்டர், அதாவது மான்ஸ்டரை வேட்டையாடும் பாத்திரம். உங்கள் பழைய ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரும் கீப்பரும் ஒன்றுதானே என்று தோன்றும். பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு: கீப்பர் பகடையைத் தொடுவதில்லை. மான்ஸ்டருக்கென்று தனியாகத் தாக்குதல் உருட்டல் கிடையாது. அது உங்களைக் கடிப்பதும் தூக்கி எறிவதும் நீங்கள் உருட்டிய பகடையின் விளைவாகவே வரும். சண்டையில் யார் முதலில் என்று தீர்மானிக்கும் 'இனிஷியேட்டிவ்' கிடையாது, முறை வைத்து ஆடுவதும் கிடையாது. யார் பக்கம் கதை திரும்புகிறதோ அவரைப் பார்த்து கீப்பர் "நீ என்ன செய்யறே?" என்று கேட்பார். என் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தால் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வர வேண்டியதுதான்.

உட்கார்ந்ததும் கையில் தருவது பிளேபுக். புத்தகம் என்று பெயர்தானே தவிர ஓரிரு பக்கத் தாள்தான். உங்கள் ஹண்டர் எந்த ரகம், என்ன செய்ய முடியும், என்ன ஆயுதம் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். கட்டத்தில் டிக் அடித்தால் பாத்திரம் தயார். 2015 பதிப்பில் 12 பிளேபுக்குகள். விதி தேர்ந்தெடுத்த ஆள் சோசன். நூலகமும் ஆய்வுக்கூடமுமாகத் தனக்கொரு இடம் வைத்திருப்பவர் எக்ஸ்பர்ட். எதிலும் சதியைப் பார்ப்பவர் ஃபிளேக். பழிவாங்கக் கிளம்பியவர் ராங்டு. ஏதோ ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர் புரொஃபஷனல். தானே பாதி மிருகம் என்றால் மான்ஸ்ட்ரஸ். எந்தச் சக்தியும் இல்லாத சாதாரண மனிதர் மண்டேன். மண்டேனைப் பலவீனமான தேர்வு என்று ஒதுக்கிவிடாதீர்கள். மான்ஸ்டர் கையில் அகப்படுவதையே லாபமாக்கிக்கொள்ளும் வழி அந்தத் தாளில் இருக்கிறது. புதியவர் கையில் நன்றாக ஓடுபவற்றில் அதுவும் ஒன்று.

தாளின் மேலே ஐந்து எண்கள் இருக்கும். அவை ரேட்டிங். ஆட்களைப் பேசி வசப்படுத்த சார்ம், நெருக்கடியில் நிதானம் இழக்காமல் இருக்க கூல், கவனிக்கவும் துப்புத் துலக்கவும் ஷார்ப், அடிதடிக்கு டஃப், அமானுஷ்யத்தோடு உள்ள உறவுக்கு வியர்டு. எண்கள் -1 முதல் +3 வரைதான் போகும். பழைய ஆட்டத்தில் +7 பார்த்துப் பழகிய கண்ணுக்கு +1 அற்பமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தெரியாது. இங்கே உருட்டுவது இரண்டு ஆறுமுகப் பகடை. கூட்டுத்தொகையோடு ரேட்டிங்கைச் சேர்க்க வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை வந்தால் நினைத்தது நடக்கும், கூடவே ஒரு விலையும் இருக்கும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் மிஸ். ரேட்டிங் 0 என்றால் 36இல் 15 தடவை மிஸ். +1 என்றால் 10 தடவை. +2 என்றால் 6 தடவைதான். ஒரே ஒரு எண் கூடுவதற்கு அவ்வளவு மதிப்பு.

மிஸ் என்பதற்கு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று பொருளே இல்லை. அது கீப்பருக்குக் கதவு திறந்துவிடுவதுபோல. விளக்கு அணையலாம், நண்பன் காணாமல் போகலாம், நீங்கள் ஒளிந்திருந்த இடம் தெரிந்துவிடலாம். கீப்பர் செய்யும் காரியத்தில் இரண்டு தரம் உண்டு. ஆபத்தைக் காட்டிவிட்டு உங்களுக்கு ஒரு மூச்சு அவகாசம் தந்தால் சாஃப்ட் மூவ்: "கதவுக்குப் பின்னால் ஏதோ மூச்சு விடுகிறது, என்ன செய்யறே?" அவகாசமே தராமல் விளைவைத் தலையில் இறக்கினால் ஹார்டு மூவ்: "கதவு உடைந்து உன் மேல் விழுகிறது, 2 ஹார்ம்" (ஹார்ம் என்பது காயத்தின் அளவு). மிஸ்ஸுக்குப் பெரும்பாலும் ஹார்டு மூவ்தான். ஆறுதல் பரிசாக, மிஸ் ஆகும் ஒவ்வொரு முறையும் பாத்திரத்தின் முன்னேற்றத்தைக் கணக்கு வைக்கும் எக்ஸ்பீரியன்ஸ் கட்டம் ஒன்றை நிரப்பிக்கொள்ளலாம்.

இப்போது எல்லாவற்றுக்கும் அச்சாணியான சொல்: மூவ். கதையில் நீங்கள் ஒரு காரியத்தைச் செய்யும்போது அதற்குரிய விதி தானாக விழித்துக்கொள்கிறதே, அந்த விதித் துண்டுதான் மூவ். "நான் இன்வெஸ்டிகேட் பண்றேன்" என்று பெயரைச் சொல்லிப் பகடையைக் கையில் எடுத்தால் கீப்பர் நிறுத்துவார்: "சரி, எப்படி? எதைப் பார்க்கிறே?" குளியலறை வடிகாலைத் திருகிப் பார்க்கிறேன் என்றோ, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுக்கிறேன் என்றோ சொன்ன பிறகுதான் உருட்டல். இதன் மறுபக்கமும் உண்டு. மூவுக்குரிய காரியத்தைச் செய்துவிட்டு, உருட்டாமல் நழுவ முடியாது. தூங்கிக்கொண்டிருக்கும் காவல்காரனைத் தலையில் தட்டினால் அது சண்டை மூவ் ஆகாது, ஏனென்றால் அவனால் திருப்பி அடிக்க முடியாது. நேராக அடி விழும், அவ்வளவுதான். அவன் கண் விழித்துத் துப்பாக்கியைத் தூக்கிவிட்டால் உருட்டியே தீர வேண்டும்.

எல்லா ஹண்டர்களுக்கும் பொதுவான மூவ்கள் எட்டு. இவற்றுக்குப் பேசிக் மூவ் என்று பெயர். நெருக்கடியில் ஒன்றைச் செய்து முடிப்பது ஆக்ட் அண்டர் பிரஷர், இன்னொருவருக்குக் கைகொடுப்பது ஹெல்ப் அவுட், இரண்டும் கூல். நேருக்கு நேர் மோதல் கிக் சம் ஆஸ், வரும் அடியை மற்றவருக்காகத் தாங்குவது புரொடெக்ட் சம்ஒன், இரண்டும் டஃப். ஆளைப் பேசிச் சம்மதிக்க வைப்பது மேனிபுலேட் சம்ஒன், அது சார்ம். மந்திரத்துக்கு யூஸ் மேஜிக், அது வியர்டு. மிச்சமுள்ள இரண்டும் ஷார்ப்: இன்வெஸ்டிகேட் எ மிஸ்டரி, ரீட் எ பேட் சிச்சுவேஷன். புதியவர்கள் குழப்பிக்கொள்வது இந்தக் கடைசி இரண்டைத்தான்.

இரண்டிலும் பகடையை உருட்டிக் கேள்வி கேட்கிறோம். ஆனால் முதலாவது நடந்துபோனதைப் பற்றியது: இங்கே என்ன நடந்தது, அது எந்த மாதிரிப் பிராணி, அதனால் என்ன முடியும், எதனால் அதைக் காயப்படுத்தலாம், எங்கே போனது என்பது போன்ற கேள்விகள். இரண்டாவது இதோ இந்த நிமிடத்து ஆபத்தைப் பற்றியது: உள்ளே போக நல்ல வழி எது, தப்பிக்க நல்ல வழி எது, நாம் கவனிக்காத ஆபத்து ஏதாவது உண்டா, இருப்பதிலேயே பெரிய ஆபத்து எது. ரத்தம் காய்ந்த அறையில் முதலாவது. கூரை மேல் சத்தம் கேட்கும் அறையில் இரண்டாவது.

கேள்விகளின் எண்ணிக்கைக்குப் பெயர்தான் ஹோல்டு. உருட்டியதில் கிடைக்கும் சில்லறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹோல்டைக் கொடுத்தால் ஒரு கேள்வி. இன்வெஸ்டிகேட்டில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் 2 ஹோல்டு, 7 முதல் 9 வரை 1. ரீட் எ பேட் சிச்சுவேஷனில் முறையே 3, 1. கேள்விகள் தாளில் அச்சிட்டிருக்கும். அந்தப் பட்டியலிலிருந்துதான் கேட்க வேண்டும்.

ஓர் உதாரணம். அமெரிக்காவின் வடக்கே, பனி கொட்டும் ஏரிக்கரை ஊர். ஒரு மீனவரைக் காணவில்லை. ஹண்டர் படகுக் கொட்டகைக்குள் நுழைந்து, "தரையில் இழுத்த தடம் எங்கே போகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன்" என்கிறார். பகடையில் 3, 4, ஷார்ப் +1, ஆக 8. ஒரு ஹோல்டு. அவர் கேட்பது: "எதனால் அதைக் காயப்படுத்தலாம்?" கீப்பர் உடனே விடையை எடுத்து நீட்டமாட்டார். ஹண்டர் எதைப் பார்த்தாரோ அதன் வழியாகத்தான் பதில் வரும்: "மூலையில் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு மூட்டை ஒன்று கிழிந்து சிதறிக் கிடக்கு. ஈரத் தடம் தண்ணீரை நோக்கி நேராகப் போகலை. அந்த உப்பைச் சுற்றி வளைந்து போகுது. ஒரே ஓர் இடத்தில் உப்பை மிதிச்சிருக்கு. அங்கே கருகின தோல் ஒட்டியிருக்கு." நன்னீர்ப் பிராணி, உப்பு ஆகாது. இதே கேள்வியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி உருட்டியிருந்தால் பதில் வேறு உருவில் வந்திருக்கும். பல சமயம், அந்த வழியில் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது என்றும் கீப்பர் சொல்லலாம். ஆகவே எப்படித் தேடுகிறோம் என்பதை யோசித்துச் சொல்லுங்கள்.

அந்த உப்புக்கு ஆட்டத்தில் உள்ள பெயர் வீக்னெஸ். ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் ஒரு வீக்னெஸ் உண்டு. அதைப் பயன்படுத்தாமல் எவ்வளவு அடித்தாலும் அது ஒழியாது. இந்த ஏரிப் பிராணி 10 ஹார்ம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கியால் பத்தையும் நிரப்பிவிட்டால் அது தண்ணீரில் மூழ்கும். பிறகு ஆறி எழுந்து வரும். மான்ஸ்டரைப் பார்த்த மாத்திரத்தில் சண்டைக்குப் பாயும் குழு இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. இது துப்பறியும் ஆட்டம். சண்டை அதன் கடைசி அத்தியாயம்.

சண்டைச் சொற்களுக்கு வருவோம். அடியின் அளவும் காயத்தின் அளவும் ஹார்ம்தான். ஹண்டருக்கு 7 ஹார்ம் கட்டங்கள். பழைய ஆட்டத்தில் லெவல் ஏற ஏற உயிர்க் கணக்கு கூடுவதுபோல இது கூடிக்கொண்டே போகாது. முதல் நாளும் ஏழு, முப்பதாவது நாளும் ஏழு. 4ஐத் தொட்டதும் 'அன்ஸ்டேபிள்' என்ற கட்டத்தைக் குறிக்க வேண்டும். அதன்பின் யாராவது காயத்துக்குக் கட்டுப்போட்டு நிலைப்படுத்தாவிட்டால் நேரம் போகப் போக நிலை மோசமாகும். ஆர்மர் என்பது வரும் ஹார்மில் கழிக்க வேண்டிய எண்.

அந்த ஏரிப் பிராணி கரையேறிவிட்டது. ஷாட்கன் வைத்திருக்கும் ஹண்டர் முகத்துக்கு நேரே சுடுகிறார்: கிக் சம் ஆஸ். பகடையில் 5, 2, டஃப் +2, மொத்தம் 9. 7ஐத் தாண்டிவிட்டதால் இருவருமே ஒருவருக்கொருவர் ஹார்ம் கொடுக்கிறார்கள். புதியவர் அதிர்வது இங்கேதான்: "நான் ஜெயிச்சேனே, எனக்கு எதுக்கு அடி?" இந்த மூவ் நீங்கள் மட்டும் அடிப்பதல்ல, இருவர் கட்டிப் புரள்வது. ஷாட்கன் 3 ஹார்ம், பிராணியின் தடித்த தோல் 1 ஆர்மர்; அதற்கு 2. அதன் நகம் 3 ஹார்ம், ஹண்டரின் தோல் ஜாக்கெட் 1 ஆர்மர், இவருக்கும் 2. இப்போது பக்கத்திலிருப்பவர் "நான் படகு விளக்கை அதன் கண்ணில் அடிக்கிறேன்" என்று ஹெல்ப் அவுட் உருட்டி வெற்றி பெற்றால் +1 கிடைக்கும். 9 என்பது 10 ஆகும். 10 வந்தால் கூடுதலாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: 1 ஹார்ம் கூட்டிக் கொடுக்கலாம், 1 ஹார்ம் குறைத்து வாங்கலாம், எதிரியை வேண்டிய இடத்துக்குத் தள்ளலாம், அல்லது +1 ஃபார்வர்டு எடுக்கலாம். உப்பு மூட்டை சிதறிய மூலைப் பக்கமாகத் தள்ளுவதுதான் இந்த இடத்தில் புத்திசாலித்தனம். கைகொடுத்தவர் தன் உருட்டலில் 7 முதல் 9 வரை எடுத்திருந்தால் +1 கிடைக்கும். ஆனால் அவரும் ஆபத்தில் மாட்டுவார்.

ஃபார்வர்டு, ஓன்கோயிங் இரண்டும் கால அளவைச் சொல்பவை. +1 ஃபார்வர்டு என்றால் அடுத்த ஓர் உருட்டலுக்கு மட்டும், பயன்படுத்தியதும் தீர்ந்தது. +1 ஓன்கோயிங் என்றால் சொன்ன நிலைமை நீடிக்கும் வரை எல்லா உருட்டலுக்கும். ரீட் எ பேட் சிச்சுவேஷனில் கிடைத்த பதிலின்படி நடந்தால் அந்தத் தகவல் பொருந்தும் வரை +1 ஓன்கோயிங் உண்டு. எல்லோரும் மறந்துபோகும் விதி இது. ஒரு துண்டுத்தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுதத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னச் சொற்கள் இருக்கும். அவை டேக். இன்டிமேட், ஹேண்டு, குளோஸ், ஃபார் ஆகியவை தூரத்தைச் சொல்பவை: கட்டிப்பிடிக்கும் தூரம், கை நீளும் தூரம், கிட்டத்தில், எட்டத்தில். லவுடு என்றால் ஊரே கேட்கும். மெஸ்ஸி என்றால் பார்க்கச் சகிக்காத காயம். இக்னோர்-ஆர்மர் என்றால் கவசம் கணக்கில் வராது. எண்ணைவிட டேக் பல நேரம் முக்கியம். கல்யாண மண்டபத்துக்குள் ஷாட்கனைத் தூக்கிக்கொண்டு நுழைய முடியாது, கைக்குள் அடங்கும் கத்தியோடு நுழையலாம்.

அடுத்தது லக். இதற்கும் 7 கட்டங்கள். ஒன்றைக் குறித்தால், உருட்டி முடித்த பிறகும் அந்த எண்ணை 12 ஆக மாற்றிக்கொள்ளலாம். அல்லது விழவிருக்கும் ஓர் அடியின் ஹார்ம் முழுவதையும் தவிர்க்கலாம். "லக்கை அடிச்சிடு" என்றது இதைத்தான். குறித்த கட்டம் அடுத்த வாரம் தானாக நிரம்பாது. வெகுகாலம் ஆடி முன்னேறிய ஹண்டருக்கு ஒரு கட்டத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பு வரும், அவ்வளவுதான். ஏழும் தீர்ந்தால் அந்த ஹண்டர் 'டூம்டு'. கீப்பர் அவரைக் குறிவைக்கத் தொடங்கலாம். முதல் நாளே மூன்றைச் செலவழிப்பதும் தவறு, ஒன்றைக்கூடத் தொடாமல் செத்துப்போவதும் தவறு. இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது.

மந்திரத்தில் இரண்டு தரம். யூஸ் மேஜிக் எல்லோருக்கும் உண்டு: ஒரு கதவைக் கட்டலாம், ஆவியை விரட்டலாம், 1 ஹார்ம் ஆற்றலாம். 7 முதல் 9 வரை வந்தால் கிளிச் ஒன்று ஒட்டிக்கொள்ளும். பலன் சீக்கிரம் தீர்ந்துபோவது, வேண்டாத கண் உங்கள் மேல் விழுவது போன்ற கோளாறு. இந்தப் பட்டியலை மீறிய எதுவும் பிக் மேஜிக். அதற்கு அரிய பொருள், குறிப்பிட்ட இடம், நாள்கணக்கான நேரம் என்று கீப்பர் நிபந்தனை போடுவார்.

இனி கீப்பர் பக்கத்துச் சொற்கள். ஆடுபவருக்கு இவற்றை லேசாகத் தெரிந்தால் போதும். ஒரு கதை மிஸ்டரி. அதற்குள் இழுக்கும் முதல் செய்தி ஹுக். மான்ஸ்டரின் கையாள் மினியன், ஊர்க்காரர்கள் பைஸ்டாண்டர். மான்ஸ்டருக்கு ரகம் உண்டு, ரகத்துக்கேற்ற நோக்கமும் உண்டு: டிவவரர் மனிதரைத் தின்ன வருவது, கலெக்டர் குறிப்பிட்ட பொருளைத் திருட வருவது. கவுன்ட்டவுன் மட்டும் உங்களை நேரடியாகப் பாதிக்கும். ஹண்டர்கள் வராமலே இருந்திருந்தால் என்னென்ன நடக்கும் என்று கீப்பர் ஆறு படிகளில் எழுதி வைத்திருப்பார்: டே, ஷேடோஸ், சன்செட், டஸ்க், நைட்ஃபால், மிட்நைட். நீங்கள் விடுதி அறையில் திட்டம் போட்டுக்கொண்டே இருந்தால் அது ஒவ்வொரு படியாக நகரும். மேசையில் பேச்சு வளரும்போது கீப்பர் தன் தாளில் ஏதோ குறித்தால் பெரும்பாலும் அதுதான்.

ஆட்டம் முடிந்ததும் நான்கு கேள்விகள் கேட்பார்கள். மிஸ்டரியை முடித்தோமா, யாரையாவது உறுதியான சாவிலிருந்து காப்பாற்றினோமா, உலகத்தைப் பற்றி முக்கியமான புது விஷயம் தெரிந்ததா, ஹண்டர்களில் ஒருவரைப் பற்றித் தெரிந்ததா. ஒன்றோ இரண்டோ ஆம் என்றால் 1 எக்ஸ்பீரியன்ஸ், மூன்றோ நான்கோ என்றால் 2. ஐந்து கட்டம் நிரம்பினால் இம்ப்ரூவ்மென்ட், அதாவது பாத்திரத்துக்கு ஒரு முன்னேற்றம், ஒன்று எடுத்துக்கொண்டு கட்டங்களை அழித்துவிடலாம். மான்ஸ்டரைக் கொன்றதற்கென்று தனிப் புள்ளி கிடையாது.

போகும்போது இரண்டு ஆறுமுகப் பகடையும் பென்சிலும் அழிப்பானும் எடுத்துப் போனால் போதும். ஒரு பிளேபுக்கை ஒரு குழுவில் ஒருவர்தான் எடுக்கலாம். பிடித்ததாக இரண்டை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். தாளை முன்கூட்டியே வாங்கி வீட்டில் நிரப்புவதானால் ஹிஸ்டரி என்ற பகுதியை மட்டும் வெறுமையாக விடுங்கள். மற்ற ஹண்டர்களோடு உங்களுக்கு என்ன உறவு, யார் யாரைக் காப்பாற்றினார்கள், யாருக்கு யார் மேல் சந்தேகம் என்பதை மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்டு, சம்பந்தப்பட்டவர் ஒப்புக்கொண்ட பிறகு எழுத வேண்டிய பகுதி அது.